வேலி பார்ப்பவர்கள்

முதல் கடிதத்தை எழுதியவள் நான்தான்.
ஓகஸ்ட், இரவு ஒன்றரை மணி.
லோர்ன் மெக்காஃபியின் எரு நாற்றம்
யன்னலால் ஏறி வந்து
எங்களுக்கு நடுவில் படுத்திருந்தது.
"மதிப்புக்குரிய நகரசபைக்கு" என்று தொடங்கிவிட்டு
இங்கே நகரமே இல்லையென்பது உறைக்க
அழித்து எழுதினேன்.

பதினொரு ஏக்கர். மார்க்கம் வீட்டை விற்ற காசு.
நிமலேந்திரன் குசினியின் மேற்குச் சுவரை இடித்து
முழுக்கக் கண்ணாடி போட்டார்.
லோர்னின் நூறு ஏக்கரும்
ஒரு சதம் கேட்காமல்
அதற்குள் வந்து நின்றன.

பிறகு வேலி.
அவருடைய மாடுகள் என் வெண்டிக் கன்றுகளைத் தின்ற கிழமை
சட்டம் தேடினோம்.
உண்மையாகவே இந்த மாகாணத்தில்
வேலி பார்ப்பதற்கென்று ஆட்கள் உண்டு.
மூன்று பேர். ஒருத்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள்.
அளவு நாடாவும் கோப்பிப் போத்தலுமாக வந்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒரு கதியாலைத் தள்ளி நட்டதற்காகப்
பதினேழு வருசம் கோட்டுக்கு நடந்த பரம்பரை.
அப்புக்காத்துக்குக் கொட்டிய காசில்
அந்தக் காணியை மூன்று தரம் வாங்கியிருக்கலாம்.
இவர்கள் நாற்பது நிமிடத்தில் முடித்தார்கள்.
செலவு பாதிப் பாதி. கையெழுத்து.
தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.
லோர்ன் மட்டும் வேண்டாமென்றார்.

அடுத்த வருசம் தெருவெல்லாம் பலகை முளைத்தது:
கிரவல் கிடங்கு வேண்டாம்.
எல்லாம் எங்களைப் போன்றவர்களின் வாசலில்.
ரொறன்ரோவில் பல்லுப் பிடுங்கிக் களைத்த வைத்தியர்,
யோகா படிப்பிக்கும் பெர்னடெட்,
ஆடு வளர்க்கப்போவதாக ஆறு வருசமாய்ச் சொல்லும் ஒரு சோடி.
பழைய வீடுகளின் முன்னால் புல் மட்டும்.
கோப்பிக்கடைக்குள் நாங்கள் நுழைந்தால்
பேச்சு மழையைப் பற்றியதாகிவிடும்.

கூட்டம் ஹொக்கி அரங்கின் மேல்மாடியில்.
முதலில் ஒரு தாளை வாசித்தார்கள்,
இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் பெயர்களை, ஒரே மூச்சில்.
ஒரு பெயரில் நாக்கு இடறியது.
மன்னிப்புக் கேட்டுவிட்டு
அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

நான் எழும்பி
தண்ணீர் என்றேன், தூசி என்றேன்,
லொறி என்றேன், வானம்பாடி என்றேன்.
தந்த மூன்று நிமிடமும் பேசினேன்.
மண்டபத்தின் ஒரு பாதி கைதட்டியது.

லோர்ன் தொப்பியைக் கழற்றினார்.
கையில் கடதாசி இல்லை.
"எனக்கு எழுபத்தொன்று. இரண்டு முழங்காலும் போய்விட்டது.
இவர்கள் காட்சி என்று சொல்வது
என்னுடைய பென்சன்.
பார்த்துக்கொண்டிருக்க ஆசையென்றால்
வாங்கட்டும்."
இருந்துவிட்டார்.
மிச்ச இரண்டரை நிமிடத்தை
மணிக்கூடு தனியே ஓடி முடித்தது.

காருக்குள் நாங்கள் பேசவில்லை.
அளவெட்டியில் என் பங்கு நாலு பரப்பு.
அற்றோணித் தத்துவம் அனுப்பி, வாட்ஸப்பில் விலை பேசி,
வாங்குபவன் முகம் பாராமல் விற்றேன்.
இப்போது அதில் கலியாண மண்டபம்.
பக்கத்துக் காணிக் கமலாசனி குரல் அனுப்பியிருந்தாள்:
"இரவிரவாய் ஜெனரேற்றர். பிள்ளைக்கு நித்திரையில்லை.
ஆருக்கு விக்கிறன் எண்டு
ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மச்சாள்."
இரண்டு நிமிடம் பதினொரு வினாடி.
பாதியில் நிறுத்தினேன். மீதியை இன்னும் கேட்கவில்லை.

அந்தக் காசுதான்
மேற்குச் சுவரின் கண்ணாடி.

பலகையை நான் பிடுங்கவில்லை.
பிடுங்கவும் மாட்டேன். தூசி தூசிதான்.
ஆனால் நேற்று இரவு நாயோடு
வேலிவரை போய்த் திரும்பியபோது
அவர் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டைக் கண்டேன்.
வெளிச்சம் நிரம்பிய பெட்டி,
உள்ளே துவாயோடு நிமலேந்திரன்.
எழுபது வருசம் இருட்டாய்க் கிடந்த லோர்னின் கிழக்கில்
இப்போது எங்கள் குசினி எரிகிறது.
அதைப்பற்றி அவர்
ஒரு கடிதமும் எழுதியதில்லை.

உள்ளே வந்து விளக்கை அணைத்தேன்.
பிறகு, சட்டி கழுவவேண்டி இருந்ததால்,
போட்டேன்.