காரணம் என்ற கட்டம்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஆத்தூர் சாலையில்,
ஜவ்வரிசி ஆலையின் எடைமேடை அறை.
கோயம்புத்தூரிலிருந்து ரெக்ஸ்லின் வந்திருந்தான்,
ஒரு மடிக்கணினி, இரண்டு நாள் அவகாசம்.
"இனி எல்லாம் ஆட்டோமேஷன்,
கத்துக்கங்க பொன்னுருவி" என்று சொல்லிவிட்டு
முதலாளி செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் சொல் ட்ரிக்கர்.
துப்பாக்கியிலா என்று கேட்டேன்.
லாரியின் பின்சக்கரம் மேடை ஏறியதும்
எடை தானே பதிவாகி
கிழங்கு அனுப்பியவர் போனில் மணியடிக்குமாம்,
அந்த ஏறுதல்தான் ட்ரிக்கர்.
குழந்தை தும்மினால் அடுத்த அறையில் யாரோ
'நூறு' என்பார்களே,
அது மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒர்க்ஃப்ளோவுக்குப் பலகையில் கட்டங்கள் வரைந்தான்,
அம்புக்குறி வழியே ஒரு ரசீதை நடத்திக் காட்டினான்.
ஒரு அம்பும் பின்னால் திரும்பவில்லை.
எங்கள் ரசீதுகள் திரும்பும்.
டீக்கடை வரை போய்க் கையெழுத்து வாங்கி
கறையோடு திரும்பும்.

பாட்டில்நெக்? முதலாளி மேஜை என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டான்.

கிளவுட் என்றதும் ஜன்னலைப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
சேர்வராயன் மலைமேல் கறுத்து உட்கார்ந்தால்
களத்தில் காய்வதை அள்ளச் சொல்லிக் கத்துவது என் வேலை.
அவனுடையது பெய்யாதாம்.
நம் கணக்கையெல்லாம் அதில் ஏற்றிவைக்கலாமாம்.
யார் வீட்டு மேகம் என்றேன்.
மாத வாடகை என்றான்.
நோட்டில் குறித்துக்கொண்டேன்: மேகத்துக்கு வாடகை.

மறுநாள் காலை இருசாயியின் பணம் நடுவழியில் நின்றது.
எட்டு டன் கிழங்கு.
பாஸ்புத்தகத்தில் இருசாயி, ஆதாரில் இரிசாயி,
ஓர் உகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவே
திரை சிவந்துபோய்
எக்ஸெப்ஷன் என்றது.
பேளூரிலிருந்து ஆறு வருடமாக வருகிற மனுஷி,
வந்ததும் சொம்புத் தண்ணீர் கேட்பவர்,
நேற்றுவரை விதிக்குள்தான் இருந்தார்.

"இது இனி எங்கே போகும்?"
"ஒரு மனிதரிடம் போகும் மேடம். ஹியூமன் இன் த லூப்."
"யார் அது?"
திரையை என் பக்கம் திருப்பினான்.
ஒரு நீல வட்டம், அதற்குள் 'பொ'.
பதினோரு வருடச் சம்பளச் சீட்டில்
கிளார்க் என்றுதான் இருந்தேன்.

சரிபார்த்து விட்டேன். பணம் போனது.

கடைசிச் சொல் ஆடிட் ட்ரெயில்.
யார் எதைத் தொட்டாலும்
பெயரும் நேரமும் பதிந்துவிடும், அழிக்க முடியாது.
மாவு கொட்டிய தரையில் நடந்த கால் மாதிரி என்றேன்.
சூப்பர் மேடம் என்றான்.
எல்லாச் சொல்லையும்விட இது எனக்கு
ஏன் இவ்வளவு சட்டென்று புரிந்தது என்று
அவன் கேட்கவில்லை.

பாயிண்ட் தராசின் முள்
இருபத்தாறே முக்காலில் நின்றால்
என் பேனா இருபத்தேழு என்று எழுதும்.
எல்லோருக்கும் அல்ல.
யாருக்கு என்று எனக்கும் முள்ளுக்கும் தெரியும்.
முள் யாரிடமும் சொன்னதில்லை.

நாலு மணி பஸ்ஸில் அவன் போனான்.
போன கையோடு கருமந்துறை லாரி ஒன்று மேடை ஏறியது.
வண்டியோடு வந்தவர் இறங்கவில்லை,
முன்சீட்டில் மடியில் ஆஸ்பத்திரி கவர், பெரியது,
எக்ஸ்ரே வைக்கிற அளவு.
புது மெஷின் இருபத்தாறு புள்ளி ஏழு காட்டியது.
அழித்து இருபத்தேழு அடித்தேன்.

ஒரு கட்டம் திறந்தது. காரணம்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் நகராது.
கோடு மின்னியது, அணைந்தது, மின்னியது.
வெளியே அடுத்த லாரிக்காரன் ஹாரனை விடவில்லை.

மழை என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

ஜன்னலுக்கு அப்பால் களம் நிறைய ஜவ்வரிசி
கண்கூசும் வெயிலில்
காய்ந்துகொண்டிருந்தது.