மூன்றாவது கடைசல்

தட்டோன் சாலையோரம், ஹினோவின் வயிற்றைத் திறந்து
கோ தெய்ன் ல்வின் கிராங்கை விளக்கில் திருப்புகிறான்.
"ரெண்டு தடவை கடைஞ்சாச்சு, அக்கா.
இன்னொரு தடவை தாங்கும். அதுக்குமேல இரும்பு இல்லை."

மியாவடி வழியே ஜப்பான் இஞ்சின் வரும்.
நாற்பது லட்சம் கியாட்.
யார் லாரியில் எத்தனை மலை ஏறியதென்று
சொல்ல ஆளில்லாத இஞ்சின்.

மழைக்கு முன் நெல் மோல்மேன் சேரணும்.
நோட்டில் இரண்டு கணக்கும் போட்டேன்;
இரண்டும் கடனில்தான் முடிந்தன.

பிறகு லாரிப் புத்தகத்தைப் பிரித்தேன்.
அதில் இஞ்சின் நம்பர். அதற்கு மேலே
சயாம் போன என் கொழுந்தனின் பர்மியப் பெயர்.
புது நம்பர் பதிய அவன் நேரில் வரணும்.
ஏழு வருஷமாக ஒரு போன்கூட இல்லை.

"கடைஞ்சிடு" என்றேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
பிளாக்கில் நம்பர் பொறித்த இடத்தை மட்டும்
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான்.