காற்றுக்குக் கட்டமில்லை

கல்யாண் அகதி முகாம், 1951

எழுதிக்கொள்ளுங்கள், காட்கில் சாகேப்.
ஜசோத்தி. கணவர் லோகுமல்.
ஊர் ஹைதராபாத். நிஜாமுடையது இல்லை,
சிந்து நதிக்கரையில் இருப்பது.
'இருந்தது' என்று எழுதினீர்கள், பார்த்தேன்.
ஊர் அங்கேயேதான் இருக்கிறது. நாங்கள்தான் இல்லை.

வீட்டில் ஏழு அறை.
சாக்குத் திரைக்கு அந்தப்புறம் கிம்மத்ராய்
தன் வீட்டின்மேல் நேற்று ராத்திரி
இன்னும் இரண்டு மாடி கட்டினார்.
சிமெண்டு இல்லை, கொத்தன் இல்லை, ஒரு பென்சில்தான்.
நான் ஏழு என்றால் ஏழு.
சமையலறையையும் சேர்த்துத்தான்.

மொட்டைமாடியில் ஒரு மங்.
தெரியாதா? காற்றுப்பிடிப்பான்.
தென்மேற்குப் பார்த்துச் சாய்ந்த பலகை, ஆள் உயரம்.
அடியில் புகைபோக்கி மாதிரி ஒரு குழி,
ஆனால் மேலே எதுவும் போகாது, காற்று கீழே வரும்.
மே மாதத்து ராத்திரியில்
கராச்சிக் கடல் நூறு மைல் நடந்து வந்து
என் கட்டிலில் உட்காரும்.
வேறு யாரும் உட்காராத கட்டில்.
அவர் இரண்டரை வருஷம் தெனெரீஃப் தீவில் பட்டு விற்பார்,
ஆறு மாதம் வீட்டில்.
அது முதலாளியோடு போட்ட ஒப்பந்தம்.
என்னோடு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.
காற்றுக்கு என்ன மதிப்பு போடுவீர்கள்?
கட்டமில்லையா. சரி, மேலே போங்கள்.

ஆதாரம் இதோ. பேரேடு ஒன்று, கடிதம் பதினாறு.
உங்களுக்குப் படிக்க வராது. பதறாதீர்கள்,
எங்கள் பள்ளிக்கூட வாத்தியாருக்கே வராது.
கடைக்காரர் எழுத்து, ஹட்வாணிக்கா.
மெய் மட்டும் எழுதுவோம், உயிரெழுத்து கிடையாது.
மை மிச்சம், நேரம் மிச்சம்,
வரி கேட்டு வருகிறவனுக்குத் தலைவலி.

கடிதம் வந்தால் கணக்குப்பிள்ளை தாருமல் வாசிப்பான்.
ஒவ்வொன்றின் அடியிலும் ம், ல்.
'மால்' என்பான். சரக்கு. சரக்கு அடுத்த கப்பலில்.
பன்னிரண்டு வருஷம் சரக்கு வந்துகொண்டே இருந்தது,
வீட்டில் ஒரு கைக்குட்டைகூட இறங்கவில்லை.
பிறகு நானே கற்றுக்கொண்டேன்,
பழைய பேரேடுகளை வைத்து,
அப்பளம் காயும் பாய்க்குப் பின்னால்.
அதே ம், அதே ல்.
'மேல்' என்றும் வாசிக்கலாம்.
எங்கள் பேச்சில் அது சந்திப்பு.

எதை எழுதினார் என்கிறீர்களா?
நானும் கேட்டேன், கராச்சித் துறைமுகத்தில், ஒரே தடவை.
'ரெண்டும்தான்' என்று சிரித்தார்.
வியாபாரி.
அடுத்த வருஷம் தந்தி வந்தது, இங்கிலீஷில்,
உயிரெழுத்தெல்லாம் சரியாகப் போட்டு,
வேறெப்படியும் வாசிக்க முடியாதபடி.

நாங்கள் கிளம்பியது ஜனவரி.
குளிருக்கு மூடவேண்டிய மங்கின் மூடியை
அந்த வருஷம் யாரும் மூடவில்லை.
இப்போது அஜ்மீரிலிருந்து போன குடும்பம் இருக்கிறதாம்.
முதல் குளிரில் நடுங்கியிருப்பார்கள்.
கயிறு சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது,
யாராவது சொல்லியிருக்க வேண்டும்.
சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் மிச்சமில்லை.
இதை எழுத வேண்டாம்.

கையெழுத்தா, கைநாட்டா?
கையெழுத்து.
ஜ், ஸ், த்.
அவ்வளவுதான் என் பேர்.
உயிரை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.
தப்பாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்,
மூன்று வருஷமாகப் பழகிவிட்டது.