ஆற்றுப் பக்கம் கோடு இல்லை

மகஜர் எழுதிய தாளின் முதுகில்
பாவாடைராயன் கட்டம் போட்டான்.
நாலு மூலை, நடுவில் ஒரு புள்ளி,
மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு.
மேலே ஒரு கோடு, இடது, வலது.
கீழே போடவில்லை.
'இது பெண்ணையாறு மேடம்.
ஆத்துல கோடு நிக்காது.'

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் மணி இரண்டேகால்.
நாற்பத்தெட்டு குவார்ட்டர், ஒரு பழைய டிவிஎஸ்.
கையெழுத்துப் போட வேண்டிய எஸ்.ஐ.
மஞ்சக்குப்பத்தில் எங்கேயோ.
அவனுக்குத் தரையில் கிடந்த பீர் மூடி இரண்டு,
கீழ் மூலைகளில், கரைக்கொன்றாக.
அரசுத் தரப்பில் ஜெம் கிளிப் இரண்டு, மேலே.

நடு காலி.
காலியான இடத்துக்குக் கோட்டு வழியே ஓர் அடி,
மாற்றி மாற்றி, அவ்வளவுதான்.
தாண்டக் கூடாது. வெட்டு கிடையாது.
செத்த காய் என்று ஒன்றே இதில் இல்லை.
நகர வழியில்லாதவர் தோற்றவர்.

எங்கே படித்தாய் இதை என்றேன்.
கேப்பர் மலை ஜெயிலில்தான் பிறந்தது என்றான்,
சோற்றுப் பருக்கையை உருட்டிக் காயவைத்து
ஆடுவார்களாம்; ஜெயித்தவன் நாலையும் தின்பானாம்.
பொய்.
சேத்தியாத்தோப்பில் ஏழாவது படிக்கையில்
பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறி
நான் ஆடியிருக்கிறேன்.
எங்களுக்குக் கோடில்லாத பக்கம் கிணறு.
'கொரியாவுலயும் இருக்குதாம்' என்றார்
ஹோம்கார்டு ரங்கபாஷ்யம்,
செல்லிலிருந்து தலை தூக்காமல்.
'அங்கயும் அது கிணறுதானாம்.'
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

விவரம் தெரிந்த இருவர் உட்கார்ந்தால்
இந்த ஆட்டம் முடியாது.
கிளிப், மூடி, கிளிப், மூடி.
நெல்லிக்குப்பம் போகும் கரும்பு லாரி,
அப்புறம் பால் வேன்,
பாலத்துக்கடியில் ஒரு நரியோ நாயோ.
முடிய வேண்டுமென்றால்
ஒருவருக்குக் கண் சொக்க வேண்டும்.

எனக்குச் சொக்கியது.

நிமிர்ந்து பார்த்தால்
வலது கரையில் ஒரு கிளிப், அதற்கு மேலே ஒன்று.
நடுவையும் மேல் இடதையும் மூடிகள் பிடித்துவிட்டன.
காலி இடம் இருக்கிறது,
நேர் எதிரே, அக்கரையில், கைக்கெட்டும் தூரத்தில்.
போகத்தான் கோடில்லை.
நாலு வருஷமாக இந்த ஆற்றில்
யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவன் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.
'இன்னொன்னு ஆடலாமா மேடம்?'
புல்லட் சத்தம் பாலத்தில் ஏறியது.
தாளைத் திருப்பினேன், கையெழுத்து வாங்கினேன்.
மூன்று நகலையும் சேர்த்துக் கிளிப் மாட்டினேன்.

ஒரு கிளிப்பே போதுமாக இருந்தது.
இன்னொன்று சட்டைப்பையில் கிடக்கிறது.