நான்கடி

வண்ணாமடைக்குத் தெற்கே, பனைவரிசை தாண்டி
தேவணக் கவுண்டர் கட்டிய தோட்டத்து வீடு.
கடனுக்கு மதிப்புப் போட வந்தவன் நான்.

வெளிச்சுவர் நாற்பத்தாறடி.
உள்ளே, சுவர்களின் கனத்தையெல்லாம் கூட்டியும்
நாற்பத்திரண்டுதான்.
டேப்பை உதறி மறுபடி பிடித்தேன்.

"தெரியுமுங்க" என்றார் சம்பூர்ணம்,
கோழிக்குக் கம்பு இறைத்தபடி.
"புகையிலை அறை. கொச்சி ராஜாவோட சுங்கக்காரன்
உள்ளே மட்டும் எட்டு வெச்சு அளப்பானாம்.
வெளியே சுத்தி வர வெயிலுக்குச் சோம்பல்."

வழி?
நெற்பத்தாயத்தின் பின்பலகை.
சுவர் வைத்தவன் மலையாளக் கொத்தன்,
பலகை இழைத்தவன் பொள்ளாச்சி ஆசாரி.
ஆளுக்குப் பாதி ரகசியம்
கூலியோடு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

பலகையை நகர்த்தினோம்.
நூற்றைம்பது வருஷத்து இருட்டு
முதலில் தும்மலாய் வந்தது.
கரி படிந்த மாடம். சாக்குக் கயிறு.
சுவரில் ஆணியால் கீறிய கோடுகள்
ஐந்தைந்தாய்;
கடைசிக் கட்டில் மூன்று.

மூன்றில் ஏன் நின்றது?
பிடிபட்டார்களா, சுங்கம்தான் ஒழிந்ததா?
சம்பூர்ணத்துக்கும் தெரியவில்லை.
"உள்ளே பாம்பு இருக்கும், வாங்க" என்றார்.

படிவத்தில் ஒரு கட்டம்: உள் நீளம்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வெளியே நல்ல வெயில்.
நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.