அரைப் பேர்

எந்தக் கால் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
பொகவந்தலாவ பஸ்ஸில் கண்டக்டர்,
கோயில் கமிட்டித் தலைவர்,
சப்பாத்து தந்த பிஸ்கட் கம்பனி மெனேஜர்
போனில், மிகவும் மரியாதையாக.
சில நாள் வலது என்கிறேன்.
மறந்துபோய்ச் சில நாள் இடது.

பத்தாயிரம் மீற்றர், இருபத்தைந்து சுற்று.
பத்தொன்பதாவதில் நான் மூன்றாம் இடத்தில் இருந்தேன்.
மூச்சு சரி, கடிகாரம் சரி,
கால்கள் யாருடையவோ போல
நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.
ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது.
கூடவே தோட்டத்தின் பெயர்,
அம்மா கொழுந்து பறிப்பவள் என்பது,
லயத்தில் எத்தனையாவது காம்பரா என்பதுவரை.
வளைவில் ஒரு வெள்ளைக் கோடு.
அதைத் தாண்டிப் புல்லில் இறங்கினேன்.
அவ்வளவுதான்.
சுமனபால சேர் ஐஸ் பையோடு ஓடிவந்து
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

போன மாசியில் தோட்டத்துச் சந்தியில்
என் முகத்தைப் பத்தடிக்குக் கட்டியிருந்தார்கள்.
மலையகத்தின் மானம் என்று எழுதி,
ஓரத்தில் ஓர் அமைச்சர் என்னைவிடப் பெரிதாய்ச் சிரிக்க.
மானம் நாற்பத்தொன்பது கிலோ.
ஒவ்வொரு காலையும் தராசில் ஏறிப் பார்த்துக்கொண்டேன்,
கூடாமல், குறையாமல்.
இப்போது அந்த பேனர்
ஜெபமாலை அண்ணனின் விறகுக்கு மேல் கிடக்கிறது.
அமைச்சர் பக்கத்தை மட்டும் உள்ளே மடித்துவிட்டார்,
தேர்தல் வருமாம்.
ராத்திரி மழை பெய்தால்
என் பல்லில் விழும் சத்தம் கேட்கும்.

வியாழக்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக்.
முகக்கவசம், அக்காவின் சால்வை,
முப்பத்தோராம் நம்பர்.
துண்டு எழுதும் பையன்
பெயரைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான்.
"ஓட்டக்கார அக்காதானே? ஒரு போட்டோ."
பக்கத்தில் இருந்த பெண் பயந்து
தன் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.
நான் சிரித்தேன்.
அதற்கும் பயிற்சி தந்திருக்கிறார்கள்.

டொக்டர் முதலில் சிங்களத்தில் கேட்டார்,
பிறகு தட்டுத்தடுமாறித் தமிழில்:
"உள்ளே எப்படி?"
நிமிடத்துக்கு நாற்பத்தாறு என்றேன்.
அது இல்லை என்றார்.
வேறெதையும் யாரும் எனக்கு அளந்து காட்டியதில்லை.
வெகுநேரம் கழித்து,
நான் தூங்கும்போதும் யாரோ கைதட்டுகிறார்கள் என்றேன்.
எழுதிக்கொண்டார்.
என்னைப் பற்றி எழுதியதில்
படம் இல்லாதது அது ஒன்றுதான்.

சாயங்காலம் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள்.
படங்கு நனைந்து,
கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம்.
"மழ. கொழுந்து பத்தல. அரப் பேருதான் போட்டான்."
மழை என்ற அதே குரலில்
அரைப் பேர் என்றாள்.
காலைக் கழுவினாள், தேத்தண்ணி ஊற்றினாள்.
முப்பது வருடமாக அவளுக்குப் பேர் என்றால்
ஒரு நாள் சம்பளம்.
விழுந்தால் விழுந்தது,
நாளைக்கு வேறு நாள், வேறு பேர்.
எனக்கும் யாராவது
பத்தொன்பது சுற்றுக்கு உள்ளதைப் போட்டு
வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம்.

பிறகு சித்தாலேப டப்பாவைத் திறந்து
என் வலக்காலை மடியில் இழுத்துக்கொண்டாள்.
மூன்று வாரமாக
நோவில்லாத காலைத் தேய்க்கிறாள்.
நானும் அங்கங்கே ஆ என்று சொல்லிவந்தேன்.
இன்றைக்குச் சொல்லவில்லை.

"அம்மா, கால்ல ஒன்னுமில்ல."

அவள் கை நிற்கவில்லை.
விரலிடுக்குவரை தேய்த்து முடித்து,
நிமிராமலே,
"மத்தக் காலக் குடு" என்றாள்.