டோலோரஸின் அறை

வரைபடத்தாளில் ஓரின் போட்ட முதல் கோடு
படுக்கையறைக்கு அல்ல.
டோலோரஸின் நீளம் இருபத்தெட்டு அடி.
இழுவண்டியின் மூக்கையும் சேர்த்தால் முப்பத்து நான்கு.
பின்னால் ஆள் சுற்றிவர மூன்று,
முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு.
மிச்சமிருந்த தாளில்
நாங்கள்.

டோலோரஸ் யார் என்று நானும்தான் கேட்டேன்.
படகை விற்றவனின் மனைவியாக இருந்தவள்.
இப்போது ஆஷ்லாண்டில் வேறொருவனோடு.
பெயரைச் சுரண்டி எடுத்தால் படகுக்கு ஆகாதாம்,
சுப்பீரியர் ஏரிக்குக் காது உண்டாம்.
சொன்னவன்
வானிலை அறிக்கையைக்கூட நம்பாதவன்.

காதில் பென்சில் செருகியிருந்த வெண்டல்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வீட்டுக்கு கராஜ் கட்டியிருக்கிறேன், மார்லிஸ்.
கராஜுக்கு வீடு கட்டியதில்லை."
கதவு பதினான்கு அடி அகலம், பன்னிரண்டு உயரம்.
என் சமையலறை ஜன்னல்
ரொட்டித்தட்டு அகலத்துக்கு இளைத்தது.
துணி அலமாரி போயிற்று.
இரண்டாவது குளியலறை போயிற்று.
நான் வாய் திறக்கவில்லை என்று
யாரும் சொல்லிவிட முடியாது.

உறைபனிக்குப் பயந்து ஐந்தடி ஆழ அஸ்திவாரம்.
தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள், நரம்பு நரம்பாய்.
அக்டோபர் முடிவதற்குள் பனி வந்துவிட்டது.
கூரை ஏறியிருந்தது கராஜுக்கு மட்டும்.
வீடு அப்போது வெறும் மரச்சட்டம்,
அதன் வழியே காற்று தன் பாட்டுக்குப் போய்வந்தது.
வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஆகவே அந்தக் குளிர்காலம்
டோலோரஸின் வயிற்றில் குடியிருந்தோம்.
முன்முனையில் குறுகும் படுக்கை;
தலைகள் தள்ளித் தள்ளி இருக்க
பாதங்கள் மட்டும் கூடும்.
காப்பி போட ஏழு படி இறங்கவேண்டும்,
குடிக்க ஏழு படி ஏறவேண்டும்.
மைனஸ் முப்பதில் தகரக் கதவைக் காற்று அறைகையில்
ஓரின் தூக்கத்தில் கேட்பான்:
"நங்கூரம் பார்த்தாயா?"
"பார்த்தேன். கான்கிரீட்டில் நன்றாகப் பிடித்திருக்கிறது."
அவன் திரும்பிப் படுப்பான்.
எனக்குத்தான் அப்புறம் தூக்கம் வராது.
அசையாத படகு
அசைகிற படகைவிடச் சத்தம் போடும்.

பிப்ரவரியில் அவனுக்குப் பொழுது போகவில்லை.
ரேடாருக்கு ஓர் அலுமினிய வளைவு,
மேல்தளத்தில் பற்றவைத்துப் பொருத்தினான்.
அழகாகத்தான் இருந்தது.
எல்லாவற்றையும் அளந்த மனிதன்
அதை மட்டும் அளக்கவில்லை.

மே மாதம். ஏரி திறந்தது. கதவும் திறந்தது.
டிரக் நகர்ந்தது, வெண்டல் கத்தினார், டிரக் நின்றது.
இரண்டு அங்குலம்.
வளைவை அறுக்கலாம் என்றேன்.
என்னை அவன் பார்த்த பார்வையில்
ஒரு கையை அறுக்கச் சொன்னது போல் இருந்தது.
டயர்களில் காற்றை இறக்கினோம். போதவில்லை.
எலக்ட்ரீஷியன் ஷியோங்தான் சொன்னார்:
"பாரம் ஏற்றுங்கள்."
அவரே முதலில் ஏறினார்,
பின்னால் அவர் தம்பிகள் இருவர்,
கான்கிரீட் போட்ட லெஸ்டர், அவர் மாமியார்,
தபால் கொண்டுவந்த பெண்,
யாரோ ஒருவர், இன்றுவரை யாரென்று தெரியாது.
ஒவ்வொருவருக்கும் டோலோரஸ்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தணிந்தாள்.

வெண்டல் நிலைக்குக் கீழே கண்ணை வைத்துப் பார்த்தார்.
"இன்னும் ஒரு நூல்."
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஏழு படி ஏறினேன்.
பெருமூச்சு போல் ஒன்று விட்டு வண்டி அமர்ந்தது.
தலைகளைக் குனிந்துகொண்டு
வெயிலுக்குள் போனோம்.

யாரும் உடனே இறங்கவில்லை.
அந்த உயரத்திலிருந்து என் வீட்டை
அன்றுதான் பார்த்தேன்.
ஜன்னல் அவ்வளவு சிறிதாகத் தெரியவில்லை.
"அக்டோபரில் எப்படி உள்ளே விடுவீர்கள்?"
லெஸ்டரின் மாமியார் கேட்டார்.
"இதே ஆட்கள்" என்றான் ஓரின்.
நான் தட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.
இத்தனை பேரை உட்காரவைக்க
எங்களிடம் ஓர் அறைதான் இருக்கிறது.
அது அவளுடையது.